ராஜி அழாததற்கு நானே பொறுப்பு

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.
18.9.1984

மரியாதைக்குரிய தமக்கையார் காமாட்சி அம்மாள் அவர்களுக்குத் தம்பி மீனாட்சிசுந்தரம் வணங்கி எழுதுவது. இங்கே நானும் மகள் ராஜேஸ்வரியும் சுகம். அடுத்த வரியில் தங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுவதுதான் முறை. ஆனால் அத்தானைக் கொண்டுபோய்ச் சேர்த்த ஈரம்கூடக் காயாத வீட்டில் சுகமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன், குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாங்கள், தங்கள் என்று எழுதினால் ரயில்வேயில் மேலதிகாரிக்கு லீவு கேட்டு எழுதியதுபோல் இருக்கிறது. இனிமேல் பழையபடி நீ என்றே எழுதுகிறேன்.

நேற்று நம் பெரியப்பா மகள் வள்ளியம்மா இங்கே வந்திருந்தாள். காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்காமலேயே நீ சொன்ன சேதியைச் சொன்னாள். "கருமாதிக்குத் தம்பி மட்டும் வந்தாப் போதும். மாமன் செத்துக் கெடக்கையில ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவ என் வாசப்படிய மிதிக்க வேணாம்" என்று சொன்னாயாமே. ராஜி அடுப்படியில்தான் இருந்தாள், அவள் காதிலும் விழுந்திருக்கும். அக்கா, நீ கோபப்பட்டதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அம்மா இல்லாத பிள்ளை, ஏழு வயது வரைக்கும் உன் மடியில்தான் வளர்ந்தது. போர்ட் கிள்ளானுக்கு லோரி ஓட்டிய காலத்தில் அத்தான் அவளை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கப்பல் காட்டக் கூட்டிக்கொண்டு போவார். கேட்டில் கார்டு பார்த்துவிட்டால் இவள் தலையை அமுக்கி ஒளித்துவைப்பார். குருவி, குருவி என்றுதான் கூப்பிடுவார். அப்படிப்பட்ட மாமனைக் கூடத்தில் கிடத்தியிருக்க, இவள் சுவர் ஓரமாக நின்றுகொண்டு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு எண்ணெய் வைக்க வரச் சொல்லி நீயே கூப்பிட்டாய், இரண்டடி பின்னால் நகர்ந்துவிட்டாள். கிள்ளானில் பாதி சனம் அதைப் பார்த்தது. கல்நெஞ்சுக்காரி என்று நீ சொன்னதும் என் காதில் விழுந்தது. ஆனால் அக்கா, அது நெஞ்சு சம்பந்தப்பட்ட காரியமே இல்லை. இமை சம்பந்தப்பட்டது.

எந்த இமை என்று கேட்பாய். சொல்கிறேன், பொறுமையாகப் படி. போன மாசி மாதம் அம்பாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் போகும்போது, "பொண்ணு நல்ல பொண்ணுதான், கண்ணுதான் எந்நேரமும் தூங்கி வழியிற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் போய்விட்டார்கள், சொல் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கும் மகளைப் பார்க்கிறபோதெல்லாம் கண்தான் தெரிந்தது. இந்த நேரத்தில் செமினியில் ஒரு நல்ல இடம் அமைந்தது. பையன் வாத்தியார். ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறோம் என்றார்கள். சரி, இந்தத் தடவை விடக்கூடாது என்று விசாரித்ததில், நம் தெருக்கோடியில் மாடியில் வீரம்மா என்பவர் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போர்டில் 'மேடம் வீரா' என்று போட்டிருக்கும். அவரிடம் இமைக்கு முடி ஒட்டுகிற வேலை உண்டாம். சின்னச் சின்னக் கொத்தாக முடி வைத்து, ஒவ்வொன்றாகச் சொந்த இமையின் அடியில் பசை தடவி ஒட்டுவது. ராஜி, "வேணாம்ப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

அந்தக் கடையில் நான் பட்ட பாட்டை உனக்கு யார் சொல்லப்போகிறார்கள். வீரம்மா ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே கம்பளிப்பூச்சி மாதிரி வரிசை வரிசையாகக் கறுப்பாகக் கிடந்தது. "அங்கிள், இது மனுஷ முடி, இது நைலான். மனுஷ முடிதான் சாஃப்டா இருக்கும்லா" என்றார். எனக்குத் திடுக்கென்றது. யாருடைய முடி, எங்கே எடுத்தது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அக்கா, நீயே சொல், பத்துமலையில் யாரோ நேர்ந்துகொண்டு முருகனுக்கு இறக்கிய முடியாக இருந்தால்? சாமிக்குக் கொடுத்ததைக் கொண்டுவந்து என் மகள் கண்ணில் ஒட்டிக்கொண்டு கல்யாணம் பேச முடியுமா? "எங்க பத்துமல? இது கொரியா சரக்கு அங்கிள்" என்றார். கொரியாக்காரனும் எதையாவது வேண்டிக்கொண்டுதானே மொட்டை அடித்திருப்பான் என்றேன். அவர் ராஜியைப் பார்த்தார், ராஜி தரையைப் பார்த்தாள். கடைசியில் நைலான்தான் என்று முடிவானது. அடுத்தது நீளம். குட்டை, நடுத்தரம், நெட்டை என்று மூன்று. நெட்டையை வைத்துப் பார்த்தால் நாடகத்தில் வருகிற மோகினி மாதிரி இருந்தது. குட்டையை வைத்தால் வைத்ததே தெரியவில்லை. நான் மாடிப்படி வரைக்கும் பின்னால் போய், செமினிக்காரர்கள் உட்காரப்போகிற தூரத்தைக் கணக்குப் பண்ணி, அங்கிருந்து பார்த்து நடுத்தரத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டினால்தான் சொந்த முடி மாதிரிப் படியும் என்று வீரம்மா சொன்னதால் அன்றைக்கே ஒட்டியாகிவிட்டது. ராஜி கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்துக் கிடந்தாள். பல் பிடுங்கப் போனபோதுகூட இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

போடுவது பெரிசில்லை அக்கா, காப்பாற்றுவதுதான் பெரிசு. எண்ணெய் படக்கூடாது, பசை இளகிவிடும். ஆவி படக்கூடாது. தேய்க்கக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. காலையில் குட்டிப் பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவி விட வேண்டும். பிய்த்து எடுத்தால் சொந்த முடியும் சேர்ந்து வந்துவிடும், அதனால் கழற்றுவதற்கும் கடைக்குத்தான் வர வேண்டும். முப்பது வருஷம் ரயில்வேயில் ரூல் புக்கைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான், இதை விடுவேனா? அன்றைக்கே வீட்டில் தாளிப்பதை நிறுத்தினேன். ஒரு வாரம் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அவித்தது, வேகவைத்தது. வேகவைத்தால் ஆவி வருமே என்று அதையும் நானே வேகவைத்தேன். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் ரத்து. சாம்பிராணி போடும்போது அவளை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். படுக்கும்போது இரண்டு பக்கமும் தலையணை முட்டுக் கொடுத்தேன். தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே போய் நின்று ஒரு தடவை சரிபார்ப்பேன். கடைசியாக ஒரு ரூல் உண்டு, அதுதான் நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. அழக் கூடாது.

அத்தானை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாக நீ பக்கத்து வீட்டுப் போனில் சொன்னது அந்த வாரம்தான். ராஜி உடனே போகலாம் என்றாள். நான் யோசித்தேன். நல்ல காரியம் பேசப்போகிற நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதா, அங்கே போய் இவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை செமினிக்காரர்கள் வந்து போகட்டும், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய் மாமாவைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அத்தானுக்கு அவ்வளவு அவசரம் என்று எனக்குத் தெரியாது அக்கா. சனிக்கிழமை காலையில் போன் வந்துவிட்டது. அன்றைக்குக் காலையிலும் நான் அவள் இமையைச் சரிபார்த்தேன், ஒரு முடிகூட உதிரவில்லை, எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது. போன் வந்த பிறகு, டாக்ஸியில் உட்கார்ந்து கிள்ளான் போய்ச் சேரும் வரை நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தானை நினைத்து நான் அழுதேன். அழுதுகொண்டே அவளிடம், "ராஜி, அழாதேம்மா, செமினிக்காரங்க ஒரு வாரம் தள்ளி வந்தாலும் வருவாங்க" என்று சொன்னேன். வாசலில் இறங்கும்போது, "எண்ணெய் பக்கமும் போயிடாதே" என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். அதைத்தான் நீ பார்த்தாய். என் பேச்சைத் தட்டாத பிள்ளை காற்றாடியைப் பார்த்து நின்றது. குற்றவாளி இங்கே இருக்கிறேன். திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, கருமாதிக்கு வரக்கூடாது என்றால் நான் வரவில்லை. அவளைத் தள்ளி வைக்காதே. அவளுக்கும் உன்னை விட்டால் அத்தை என்று வேறு யார்? செமினிக்காரர்கள் துக்கம் நடந்த இடம் என்று சொல்லி, வராமலேயே வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இமையும் வீண், இடமும் வீண்.

நேரத்துக்கு ஒரு வாய் சாப்பிடு. அத்தான் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே இருக்காதே. பழைய முழங்கால் வலிக்கு வள்ளியம்மா கொடுத்த தைலத்தைப் போடு, நம் வீட்டில் இப்போது எண்ணெய்க்குத் தடை எதுவும் இல்லை. பெற்றவர்களும் குலசாமியும் உன்னைக் கைவிட மாட்டார்கள் என்று வேண்டிக்கொண்டு, உன் காலைத் தொட்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி
மீனாட்சிசுந்தரம்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி ராஜியிடம் கொடுத்தேன். உறையை ஒட்டுவதற்கு முன் பிழை இருக்கிறதா பார் என்றும் சொன்னேன். நின்றபடியே படித்தாள். படித்துவிட்டு, "அப்பா, சனிக்கெழம என் கண்ணுல ஒட்டின இமையே இல்லப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஓவர்டைம் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஆபீசிலிருந்து நேராகக் கிள்ளான் பஸ் ஏறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நீ அப்போது இல்லை, குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாயாம். அத்தான் கண்ணைத் திறந்து இவளைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, "மிஸ்ஸி, கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றிருக்கிறார். இவள் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, நர்ஸிடம் சொல்வதுபோலத் தெரிமா காசி என்று மலாயில் நன்றி சொன்னாராம். இவளுக்குத் தாங்கவில்லை. கட்டில் பக்கத்திலேயே நின்று, இரண்டு கண்ணிலும் இருந்ததை நகத்தால் பிய்த்து எடுத்திருக்கிறாள். வீரம்மா சொன்னதுபோல் சொந்த முடியும் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணெல்லாம் தண்ணீராகக் கொட்ட, அப்போதுதான் அத்தான், "ஏன்டா குருவி, எப்ப வந்தே?" என்றாராம். மருந்து மயக்கத்தில் தெரியாமல் இருந்ததோ, இமையால்தான் தெரியாமல் போனதோ, அதைச் சொல்ல நான் யார். வெகுநேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அத்தான் சொன்னாராம், "ஒங்கத்தைக்கு வாய்தான் பெருசு, ராத்திரி தனியாப் படுக்கப் பயப்படுவா. நான் இல்லாட்டி நீ வந்து கூட இரு. அவ அழும்போது நீயும் சேந்து உக்காந்து அழாத. ரெண்டு பேரும் அழுதா சோறு ஆக்க ஆள் இருக்காது" என்று. எண்ணெய் வைக்க வராமல் பின்னால் போனதும் என் பேச்சைக் கேட்டு இல்லையாம். மாமா தலையில் கை பட்டால் அழுகை வந்துவிடும், அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியாது என்றுதான் நகர்ந்தாளாம். சனிக்கிழமை காலையில் நான் கண்ணாடி போட்டுச் சரிபார்த்ததும், பெருமைப்பட்டதும், வெறும் மை தீட்டிய கண்ணை. நான் ஆசையாகச் செய்தது என்பதால் என்னிடம் சொல்ல மனசு வரவில்லையாம்.

கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், நானே கொண்டு போகிறேன் என்றாள். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பையில் துணி எடுத்து வைத்திருக்கிறாள். ஆகையால் அக்கா, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவள் அவள்தான். வாசலுக்கு வெளியேதான் நிறுத்தி வைத்திருப்பாய். படித்து முடித்தாயானால் கொஞ்சம் நிமிர்ந்து பார். அவளை உள்ளே கூப்பிட்டு, அவள் அழுது முடிக்கும் வரைக்கும் நீ அடுப்பைப் பார்த்துக்கொள்.