நோரிஸ் தேர்ந்தெடுத்த கணப்பு

நோரிஸ் தாக்ரே சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாய் நிறைய வறுத்த மாட்டிறைச்சியோடு.

"இந்தக் குளிருக்கு நம்ம ஹால்ல நிஜ விறகு எரியும். எரியலேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

மனைவி ஏவ்ரில் உருளைக்கிழங்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

ஹாலில் இருந்த கரண்ட் ஹீட்டர் அந்த வாரம்தான் டப்பென்று உயிரை விட்டிருந்தது. யார்க்‌ஷயரில் அக்டோபர் பிறந்தபிறகு ஹீட்டர் இல்லாமல் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும். ஏவ்ரில் ஒரு வருஷமாகவே ஒரு கேஸ் கணப்பின் மேல் கண் வைத்திருந்தாள். பார்வைக்குத் தாத்தா காலத்து இரும்புக் கணப்பேதான். நாலு குட்டைக் கால், கண்ணாடிக் கதவு, உள்ளே அடுக்கி வைத்த கட்டைகள். ஆனால் கட்டைகள் சுட்ட மண்ணில் செய்தவை, எரிவது கேஸ். பொத்தானை அமுக்கினால் பற்றிக்கொள்ளும், மறுபடி அமுக்கினால் அணைந்துவிடும். சாம்பல் அள்ள வேண்டாம், கரி துடைக்க வேண்டாம்.

நோரிஸுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கேஸ் என்றால் கேஸாக லட்சணமாக எரிய வேண்டியதுதானே, அதற்கு எதற்கு விறகு வேஷம் என்பது அவர் கட்சி. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஆயுளில் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. ஆனாலும் சனிக்கிழமையே போய் ஒரு கோடாலி வாங்கி வந்துவிட்டார். கோடாலி கைக்கு வந்தபிறகு எவள் தடுப்பாள் என்ற தைரியம்தான்.

"சரி ராசா. விறகே வெச்சுக்கலாம்," என்றாள் ஏவ்ரில்.

நோரிஸ் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் அவள் 'ராசா' என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் மனிதர் எதையாவது இழந்திருக்கிறார். அதிலும் ஏவ்ரில் வேலை பார்ப்பது பல் டாக்டரிடம். ஆளை வாயைத் திறக்க வைத்து, பேச மட்டும் விடாத இடம் அது. ஆனால் ஜெயித்த களிப்பில் அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

திங்கட்கிழமை மாலை பக்கத்து வீட்டு கிளெமென்ட் சக்டன் தேநீருக்கு வந்தார், ஏவ்ரில் அழைத்து. அந்தத் தெருவிலேயே விறகு எரிக்கும் ஒரே மனிதர். எலுமிச்சை கேக்கில் மூன்று துண்டை உள்ளே தள்ளிவிட்டு, விறகு என்றால் என்ன என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். பச்சை விறகு புகையும், புகைபோக்கியில் கரி அப்பும். ஆகையால் இரண்டு வருஷம் காய்ந்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கியதை அடுக்க மேலே கூரை வேண்டும், நாலு பக்கமும் காற்று வேண்டும், தரையில் படக்கூடாது.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஏவ்ரில் பவ்யமாகக் கேட்டாள்.

"இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும், ஆள் உயரத்துக்கு," என்றார் சக்டன். "அது ஒரு குளிருக்கு."

ஏவ்ரில் சமையலறை ஜன்னல் வழியாகக் கொல்லையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதுக்கென்ன, கொட்டகை இருக்கே."

"எந்தக் கொட்டகை?" என்றார் நோரிஸ்.

"நமக்கு இருக்கறது ஒண்ணுதானே ராசா."

"அதுல என் மெஷினெல்லாம் இருக்கு."

"விறகுக்காக நீங்க எதையும் விட்டுக்குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

கொட்டகையில் இருந்தவை பதினோரு பழைய புல்வெட்டும் இயந்திரங்கள். வீட்டுப் புல்வெளியோ இரண்டு பாய் விரிக்கிற அகலம். ஒரு ஆட்டை அவிழ்த்துவிட்டால் கால் மணி நேரத்தில் மேய்ந்து முடித்துவிட்டு, இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்கும். அதனால் என்ன? நோரிஸ் தினமும் சாப்பாடு முடிந்ததும் பிளாஸ்க்கில் தேநீரோடு அங்கே போய்விடுவார். எண்ணெய் போடுவார், துடைப்பார், சும்மா உட்கார்ந்திருப்பார். குப்பையைக் கொண்டு வைத்தீர்களா, உங்கள் தம்பிக்குப் போன் செய்தீர்களா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மூத்த இயந்திரத்துக்கு டாஃப்னி என்று பெயர்கூட வைத்திருந்தார். அது ஏவ்ரிலுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

செவ்வாயன்று ஏவ்ரில் டேப்பும் கையுமாகக் கொட்டகைக்குள் நுழைந்து நீள அகலம் எடுத்தாள். பழைய இரும்புக்காரர் சனிக்கிழமை லாரி கொண்டுவருகிறார் என்று போகிற போக்கில் சொன்னாள். நோரிஸ் அவள் பின்னாலேயே ஓடினார். பாதிக் கொட்டகையில் விறகு வைத்தால் போதாதா என்றார். போதாது என்று சக்டன் சொல்லிவிட்டாராம். கட்டிலுக்கு அடியில்? காற்று வராதாம். புதன்கிழமை முழுக்க மனிதர் டாஃப்னியின் கைப்பிடியைத் தடவியபடியே உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் ஒரு யோசனை பிறந்தது. தோற்றது மாதிரியும் தெரியக்கூடாது, கொட்டகையும் பிழைக்க வேண்டும். அப்படியென்றால் கேஸ் கணப்புதான் சரி என்று அவரே ஏவ்ரிலின் மனசை மாற்ற வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளைக் கணப்புக் கடைக்கு அழைத்துப்போனார். கேஸ் கணப்பின் முன்னால் நின்று பேச ஆரம்பித்தார் பாருங்கள், மடை திறந்த வெள்ளம். சாம்பல் இல்லை, கரி இல்லை, இந்த வயசில் கோடாலி தூக்கினால் முதுகு என்னத்துக்கு ஆகும்? ஒரு வருஷமாக ஏவ்ரில் சொன்ன அத்தனையும் வரி பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தது. கடைக்காரர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார்.

ஏவ்ரில் லேசில் மசியவில்லை.

"அது வேஷம் போடற கணப்புன்னு சொன்னீங்களே?"

"வேஷமா இருந்தா என்ன? சூடு நிஜம்தானே?"

"எனக்கென்னவோ விறகு மேலதான் மனசு போயிருக்கு. இப்ப மாறச் சொன்னா கஷ்டமா இருக்குங்க."

அந்தக் கஷ்டத்துக்கு ஈடாக, கிறிஸ்துமஸுக்கு அவள் அக்கா வீட்டில் ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருப்பதாக நோரிஸ் ஒப்புக்கொண்டார். குளிர் முடிகிற வரைக்கும் பாத்திரம் கழுவுவதாகவும் ஒப்புக்கொண்டார். அதன்பிறகுதான் அவள் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினாள். கறுப்பு வாங்கலாமா என்று கேட்டாள். எல்லாவற்றையும் அவள் இஷ்டத்துக்கு விட முடியுமா? பச்சைதான் வேண்டும் என்று நோரிஸ் கறாராகச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்ததுமே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, பொண்டாட்டியை வழிக்குக் கொண்டுவருவது எப்படி என்று சக்டனுக்கு வகுப்பு எடுத்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வேன் வந்து நின்றது. கேஸ் மெக்கானிக் பச்சைக் கணப்பை இறக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம்தான் சொன்னோம். அதுக்குள்ளயா?" என்று நோரிஸ் பூரித்துப்போனார். புகைபோக்கியை அளக்க வேண்டாமா என்றும் கேட்டார்.

"போன மாசமே அளந்தாச்சு சார். அப்ப நீங்க கொட்டகையில இருக்கறதா அம்மா சொன்னாங்க. இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

நோரிஸ் காகிதத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கணப்பு ஒன்று, நிறம் பச்சை. ஆர்டர் எடுத்தது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அடியில் கடைக்காரர் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது:

'வெள்ளிக்கிழமை காலை இறக்கவும். வியாழன் மாலைதான் வீட்டுக்காரர் இதைத் தேர்ந்தெடுப்பாராம்.'