உங்கள் ஃப்ரீசரில் இருந்த இரண்டு கிலோ கறி

பெருமதிப்பிற்குரிய டாக்டர் ஜான்சன் சார் அவர்களுக்கு,

ஆம்பூரிலிருந்து தங்கள் மாணவி அம்பரீனின் தகப்பன் அஹமது பாஷா சலாம் சொல்லி எழுதுவது. தாங்களும் வீட்டாரும் நலமாயிருக்க துவா செய்கிறேன். எங்கள் நலத்தைப் பற்றி எழுத எனக்கு வாயில்லை.

லேப் ஃப்ரீசரைத் திறந்து ஆட்டுத்தொடையைப் பார்த்து நீங்கள் அலறியதாகக் கேள்வி. வைத்தது நான்தான் சார். அது பக்ரீத் குர்பானியில் தங்களுக்குரிய பங்கு. என் மகளைப் பிராஜெக்டை விட்டு நீக்கிவிடாதீர்கள், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பக்ரீத்துக்காவது வாம்மா என்றால், "எப்டிப்பா வர்றது? தோல் செல்லுங்களுக்கு தினம் தீனி மாத்தணும். அதுங்கள வளர வெக்கிற க்ரோத் ஃபேக்டர் சூட்டுல சீக்கிரம் கெட்டுப்போய்டும்" என்கிறாள். அதற்குப் பதிலாக ஏதோ ஒரு செயற்கைப் பொடியைக் கரைத்து ஊற்றிப் பார்க்கிறாளாம். அது ஜெயித்தால் தினம் ஓட வேண்டாமாம். தகப்பனுக்கு மனசு கேட்குமா? நானே கறியைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினேன். நீங்கள் லீவு. அவள் உள்ளறையில் வேலையாயிருந்தாள். வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. முப்பது வருஷம் டேனரியில் பச்சைத்தோல் குடோன் பார்த்தவன் சார் நான், ஒரு தோல் அழுகவிட்டதில்லை. கறியை மேஜைமேல் வைக்கக் கை வருமா? ஃப்ரீசரில் இடமில்லை. ஒரு சின்ன டப்பாவை எடுத்து ஜன்னலோரம் வெச்சேன், கறியை உள்ளே தள்ளினேன், மகளோடு டீ குடிச்சேன், டப்பாவை மறந்துட்டு வந்துட்டேன்!

ரெண்டு நாள் கழித்து போன். "அப்பா, இன்னா பண்ணீங்க? மூணு மாசம் காத்திருந்து ஃபாரின்லருந்து வரவெச்ச க்ரோத் ஃபேக்டர் பூரா போச்சு! பொடிய கரைச்சு வெச்சிருந்ததும் அதே டப்பாலதான்! திங்கக்கிழமை கமிட்டிக்கு இன்னா காட்டுவேன்?" யா அல்லா! என் சம்சாரம் ஃபரீதா இன்னும் என்னோடு பேசவில்லை. தோலை அழுகவிடாத கை, பெற்ற பெண்ணின் படிப்பை அழுகவிட்டுடுச்சே சார்!

தண்டனையை எனக்கே கொடுங்கள், மன்னித்தாலும் எனக்கே. தங்கள் பிள்ளைகளுக்கு என் துவா.

வெட்கத்துடன்,
அஹமது பாஷா

பி.கு.: இதைத் தபாலில் போடத் தைரியமில்லாமல் நாலு நாள் வைத்திருந்தேன். இப்போதுதான் அம்பரீன் போன் செய்தாள். ஜன்னலோரம் கிடந்ததில் க்ரோத் ஃபேக்டர் செத்தே போச்சாம், பொடிக்கு ஒன்றுமே ஆகலையாம், அதை ஊற்றிய செல்லெல்லாம் ஜம்முனு வளருதாம். வேலூர் வெயிலில் வைத்தே சோதித்துவிட்டோம் என்று கமிட்டியிடம் நீங்களே சொன்னீர்களாம், அவர்கள் கை தட்டினார்களாம். தினம் தீனி மாற்ற வேண்டாமாம், சனிக்கிழமை வீட்டுக்கு வர்றாளாம். ஆகவே மேற்கண்ட மன்னிப்பைத் திருப்பி அனுப்பவும். லேப் மருந்துகளோடு கிடந்த அந்தக் கறியைச் சாப்பிட வேண்டாம், வேறு பங்கு அவளிடம் தருகிறேன். சோதித்தது யாரென்று கமிட்டி கேட்டால்: அஹமது பாஷா, டேனரி சூப்பர்வைசர், ஓய்வு.