மூன்றாம் நம்பரின் கண் பார்வை

"அப்பா, போட்டோவை ஏன் தலைகீழா வெச்சுப் பாக்கறீங்க?"

"நேரா வெச்சுப் பாத்தேன்மா. பகீர்னுச்சு. அதான்."

மகளின் கைபேசியில் மூன்று பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையாக வரப்போகிற பையனைப் பற்றி அப்பாவுக்கு, அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு, ஒரு குறையும் இல்லை. மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். ஒரு முறை கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்தபோது, தாடையை வைக்கச் சொன்ன இடத்தில் ஒழுங்காக வைத்தான். தாடையை ஒழுங்காக வைக்கிறவன் குடும்பத்தையும் ஒழுங்காக வைப்பான் என்பது அவருடைய முப்பது வருட அனுபவம். பையனின் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பாதி முகம் பூச்சாடிக்குப் பின்னால் இருந்தது.

நடுவில் நின்ற அம்மாதான் சிக்கல். நரைத்த கிராப்பு, கழுத்தில் சங்கிலியோடு தொங்கும் படிக்கிற கண்ணாடி, உலகத்துக்கே மார்க் போடுகிற பார்வை.

"இவங்க என்ன பண்றாங்க?" என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

"கணக்கு டீச்சரா இருந்து ரிடையர் ஆயிட்டாங்க. ஆனா உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. நீங்க டிவியில பாப்பீங்களே, ஐஸ் மேல சறுக்கி ஆடற ஃபிகர் ஸ்கேட்டிங், அந்தப் போட்டிக்கெல்லாம் ஜட்ஜா போறாங்கப்பா! சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வர்றாங்க. அவங்க சரின்னா அந்த வீட்ல எல்லாரும் சரி. அவங்க வேணாம்னா…"

மகள் வாக்கியத்தை முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைபேசியை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க டிவிய பாத்துத் திட்டுவீங்களே, அந்த அம்மாவா?"

"அவங்களேதான்."

"இன்டர்நெட்ல பேர் போட்டெல்லாம் எழுதலையே?"

"என் பேர போடல. அவங்க சீட் நம்பரத்தான் போட்டிருக்கேன்."

"எத்தனை தடவை?"

"நானூத்திப் பன்னெண்டு."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு நாளும் பனித்தளத்தில் கால் வைத்ததில்லை. குளியலறையிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். ஆனால் டிவியில் ஒரு பெண் பின்பக்கமாகச் சறுக்கி வரும்போதே, காலின் சாய்வைப் பார்த்து எந்தத் தாவல் வரப்போகிறது என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு போட்டியையும் தேதி போட்டு எழுதிவைத்த நோட்டுகள் பதினொன்று. ஸ்கேட்டிங் ரசிகர்களின் இணைய மன்றத்தில் 'கூர்முனை' என்றால் எல்லாருக்கும் ஒரு பயம் கலந்த மரியாதை. அந்தக் கூர்முனை இவர்தான் என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

ஆறு வருடங்களுக்கு முன் ஓர் இறுதிப்போட்டி. அவளுடைய பன்னிரண்டு வயதிலிருந்து அவர் பின்தொடரும் ஒரு ஸ்கேட்டர், அவர் பாஷையில் 'நம்ம பொண்ணு', தாவிக் காற்றில் மூன்று சுற்று சுற்றி இறங்கினாள். தாவலின் தரத்துக்கு எட்டு நடுவர்கள் ப்ளஸ் மூன்று போட்டார்கள். மூன்றாம் நாற்காலியில் இருந்த அம்மா மட்டும் மைனஸ் இரண்டு. ஒன்பது மதிப்பெண்ணில் ஆகக் குறைந்ததையும் ஆகக் கூடியதையும் தள்ளிவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள் என்பதால் அந்த மைனஸ் இரண்டால் எந்த நஷ்டமும் இல்லை. தங்கப் பதக்கமும் நம்ம பொண்ணுக்கே கிடைத்தது. இருந்தாலும் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

அன்றைக்கு அவர் மன்றத்தில் குமுறியபோது முதல் பதில் ஒரு புதிய ஆளிடமிருந்து வந்தது. பெயர், 'கடைசி வரிசை'. "கடைசி வரிசையிலிருந்து சொல்கிறேன், அந்த அம்மாவுக்குக் கண் சரியில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்." கண் என்றதும் தொழில்காரருக்குச் சுருக்கென்று பிடித்துக்கொண்டது. அதன்பிறகு அந்த அம்மா எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் இவருக்கு அவர் மூன்றாம் நம்பர்தான். மூன்றாம் நம்பருக்குக் கண் தெரியாது என்பதை நானூற்றுப் பன்னிரண்டு விதமாக எழுதினார். ஒன்றில், "நானே இலவசமாகக் கண்ணாடி போட்டுத் தருகிறேன்" என்றுகூட எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக ஆமோதித்தது கடைசி வரிசை.

"விடு, நான் பாத்துக்கறேன்" என்றார் மனைவியிடம்.

"நீங்க பாத்துக்கறேன்னு சொன்னாதான் எனக்குப் பயமே."

முதல் வேலையாக, வீட்டிலிருந்த பதினொரு நோட்டுகளையும் கீழே கடைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதனை நாற்காலியின் மெத்தைக்கு அடியில் செருகினார். செவ்வாய்க்கிழமை, வாடிக்கையாளர்கள் வந்துபோன இடைவெளியில் நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் அழித்தார். விரல் வலித்தது. மனசும் கொஞ்சம் வலித்தது. சிலதெல்லாம் நல்ல நடை.

புதன்கிழமை காலை மன்றமே கொந்தளித்துக் கிடந்தது. 'கூர்முனை எங்கே?' 'உண்மையை எழுதியவரின் வாயை அடைத்துவிட்டார்கள்!' 'மூன்றாம் நம்பர் மிரட்டியிருக்கிறார்!'

"ஒண்ணுமில்ல, நான் பாத்துக்கறேன்" என்று மனைவியிடம் சொல்லி, புதிதாக ஒரு பெயரில் மன்றத்துக்குள் நுழைந்து எழுதினார்: "கூர்முனை நலமாக இருக்கிறார். மூன்றாம் நம்பர் மிகவும் நேர்மையான, அன்பான, கண் நன்றாகத் தெரிகிற நடுவர்."

பத்தே நிமிடத்தில் மன்றம் கண்டுபிடித்துவிட்டது. 'மூன்றாம் நம்பரே போலிப் பெயரில் வந்து தன்னைத்தானே புகழ்கிறார்!' அன்று மாலைக்குள் அதற்கு எழுநூறு பேர் கைதட்டியிருந்தார்கள். நடுவர் சங்கத்துக்குப் புகார் அனுப்பலாம் என்று ஒரு குழுவும் கிளம்பியது.

வியாழக்கிழமை கடைசி வரிசையிடமிருந்து தனிச்செய்தி வந்தது. "கடைசி வரிசையிலிருந்து சொல்கிறேன், பயப்படாதீர்கள். உங்கள் எழுத்து முழுவதையும் சேமித்து வைத்திருக்கிறேன். மறுபடி போட்டுவிடுகிறேன்."

"வேண்டாம்" என்று அவர் அடித்து முடிப்பதற்குள் நானூற்றுப் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. இப்போது பொருளடக்கத்தோடு.

"யாருங்க அது, இவ்வளவு பாசமா?" என்று கேட்டாள் மனைவி.

"முகம் தெரியாத நண்பர். போட்டிக்கு முன்னாடியே, 'இன்னைக்கு மார்க் போட மூணாம் நம்பர் கை இறுகும்'னு சொல்லுவாரு. அப்படியே இறுகும். ஞானி."

"நல்ல ஞானி. நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு வேட்டு வெச்சிட்டாரு." அவள் சொன்ன நம்ம பொண்ணு, பெற்ற பெண்.

சனிக்கிழமை சரியாகப் பன்னிரண்டரைக்கு மூவரும் வந்தார்கள். பையன் இவரைப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய அப்பா ஒரு கேக் பெட்டியைக் கையில் ஏந்தியபடி, எங்கே வைப்பது என்று யாராவது சொல்வதற்காகக் காத்து நின்றார். அம்மா உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசைமேல் பொத்தென்று வைத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார், முதல் தடவை வீட்டுக்கு வந்துட்டு இதப் பேசறேன். ஆறு வருஷமா எவனோ ஒருத்தன் எனக்குக் கண்ணு தெரியலைன்னு எழுதறான். கூர்முனையாம். நான் சட்டையே பண்ணினதில்ல. இந்த வாரம் நான் அவன மிரட்டினேன், போலிப் பேர்ல வந்தேன்னு கிளப்பி விட்டுட்டாங்க. சங்கத்துலேர்ந்து விளக்கம் கேக்கறாங்க. முப்பது வருஷம் பசங்களுக்கு அரை மார்க் கூடக் கூட்டிப் போடாதவ நான்!"

கடைசி வாக்கியத்தில் அந்தக் குரல் லேசாக உடைந்தது. இத்தனை வருடத்தில் மூன்றாம் நம்பருக்குக் குரல் என்று ஒன்று இருக்கும், அது உடையும் என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தே பார்த்ததில்லை.

"சாப்பிட்டுட்டுப் பேசலாமே" என்றார் பையனின் அப்பா.

"நீங்க சும்மா இருங்க" என்றார் அந்த அம்மா. "இவருக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது சார். போட்டிக்குக் கூட்டிட்டுப் போனா, உக்காந்த உடனே தலையத் தொங்கப் போட்டுத் தூங்கிடுவாரு. முப்பது வருஷமா இதே கதை."

பையனின் அப்பா ஆமாம் என்பதுபோல் தலையாட்டிவிட்டுக் கேக் பெட்டியைத் தானே ஒரு மூலையில் வைத்தார்.

"இத பாருங்க, 'இலவசமா கண்ணாடி போட்டுத் தரேன்'னு எழுதியிருக்கான். இவன் நிச்சயமா கண்ணாடிக்கடை வெச்சிருக்கறவன். உங்க தொழில்ல இப்படி யாராவது இருக்கானா?"

"தொழில்ல… நிறைய பேர் இருக்காங்க" என்றார் அவர். மனைவி தண்ணீர் டம்ளரை அவர் கையில் திணித்தாள்.

"இருக்கட்டும். எனக்கு உங்களால ஒரு உதவி ஆகணும். என் கண்ணப் பாத்து ஒரு சர்டிபிகேட் குடுங்க. உள்ளது உள்ளபடி. அத சங்கத்துக்கு அனுப்பிட்டு, அந்தக் கூர்முனை யாருன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

மகள் பெருமையோடு, "அப்பா பாத்தா கரெக்டா இருக்கும் ஆன்ட்டி" என்றாள்.

எல்லாரும் கீழே கடைக்கு இறங்கினார்கள். பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்த அம்மா நெளிந்தார். "என்ன சார், மேடும் பள்ளமுமா இருக்கு?"

"புது மெத்தைங்க. பழகப் பழக அமுங்கும்."

விளக்கை அணைத்து, எதிர்ச்சுவரில் இருந்த எழுத்துப் பலகையை ஒளிரவிட்டார். உள்ளுக்குள் ஓர் ஆசை இன்னும் உயிரோடு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாலாவது வரியில் தடுமாறட்டும். ஆறு வருடமும் வீண் போகாது.

அம்மா முதல் வரியைப் படித்தார். நாலாவதைப் படித்தார். எட்டாவதைப் படித்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு படித்தார், வலது கண்ணை மூடிக்கொண்டு படித்தார். பிறகு பலகையின் அடியில் எறும்பு வரிசைபோல் இருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்துவிட்டு, "இதுல ஒரு எழுத்து விட்டுப் போயிருக்கு" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் கிட்டப் போய் உருப்பெருக்கியால் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது.

"அப்ப… அந்த ஃபைனல்ல ஏன் மைனஸ் ரெண்டு போட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது.

"இறங்கும்போது அந்தப் பொண்ணோட இன்னொரு கால் பனியில தட்டுச்சு. கேமரா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்."

"மத்த எட்டு பேர்?"

"அவங்க அவ சிரிப்பப் பாத்துக்கிட்டிருந்தாங்க." அம்மா நிமிர்ந்தார். "நான் எந்த ஃபைனலப் பத்தியும் சொல்லவே இல்லையே சார்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சமாளிக்க ஒரு வழி தேடினார். வழக்கமாக ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும், இன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பலகையில் எட்டாவது வரியைப் படித்த ஒருவரைக் கண் தெரியாதவர் என்று சொல்ல அவருடைய தொழில் இடம் கொடுக்கவில்லை.

"கொஞ்சம் எழுந்திருங்க" என்றார். மெத்தையைத் தூக்கி, நாலாம் நம்பர் நோட்டை உருவினார். தேதியைத் தேடிப் பிரித்து, தன் கையெழுத்தைத் தானே படித்தார்: "இறங்கியதும் கீழே குனிந்து பார்த்தாள். ஏன்?"

"ஏன்னு எனக்கே கேள்வி இருந்திருக்கு. அதுக்குப் பதில் தேடறத விட்டுட்டு உங்களத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். "கூர்முனை நான்தாங்க. என் பொண்ணுக்கு இது எதுவும் தெரியாது. கோவத்த அவமேல காட்டிடாதீங்க."

"அப்பா!" என்றாள் மகள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த அம்மா கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டார். நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவரின் முகம். நடுவில் ஒரு கூட்டல் தப்பைப் பேனாவால் சரிசெய்தார். நிற்கிறவர்களுக்குக் கால் கடுத்தது.

"நீங்க எழுதினதுக்கு மைனஸ் அஞ்சு" என்றார் கடைசியில். "அதுக்குக் கீழ போட விதியில இடமில்ல. உண்மைய ஒத்துக்கிட்டதுக்கு ப்ளஸ் மூணு. நீங்களே போய் அந்த மன்றத்துல மன்னிப்பு எழுதணும். சர்டிபிகேட்டும் வேணும். அடுத்த போட்டிக்கு எனக்குப் பின்னாடி சீட்ல உக்காந்து, நான் என்ன பாக்கறேன்னு நீங்களும் பாக்கணும்." பிறகு மகளின் பக்கம் திரும்பி, "நீ ஏம்மா அழற? இவ்வளவு கவனமா நோட்டு எழுதற வீட்ல பொண்ணு எடுக்காம வேற எங்க எடுப்பேன்? வா, பசிக்குது" என்று அவள் தோளில் கைபோட்டு மாடிக்கு அழைத்துக்கொண்டு போனார். பையனும், கடைக்காரரின் மனைவியும் பின்னாலேயே ஏறினார்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் மனசு கொள்ளாத சந்தோஷத்தோடு மேசையில் உட்கார்ந்து சான்றிதழை எழுதி, 'தூரப் பார்வையில் எந்தக் குறையும் இல்லை' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்தால், பையனின் அப்பா எதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் கடையிலேயே தங்கிவிட்டதை யாரும் கவனித்திருக்கவில்லை.

அவர் சான்றிதழை எடுத்து நிதானமாகப் படித்தார். மாடிப்படியை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, மேசைமேல் குனிந்து, ரகசியக் குரலில் பேசினார்.

"கடைசி வரிசையிலேர்ந்து சொல்றேன் சம்பந்தி, அவளுக்குக் கண்ணு சரியில்ல. முப்பது வருஷமா நான் தூங்கறேன்னே நெனச்சுக்கிட்டு இருக்கா."