மெம்பர் ஹாஜியாரை நான் மவுத்தாக்கிய நாள்

உயிரோடு இருக்கிற ஒரு மனிதனைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மவுத்தாக்கியவன் எங்கள் ஊரில் நான் ஒருத்தன்தான். அதையும் ஒளித்துச் செய்யவில்லை. அவர் மாலையும் கழுத்துமாக எனக்கு முன்னாலேயே கதிரையில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் நான் பெயர் எடுத்தது இந்த ஒரு விஷயத்தில்தான். (சாதாரண தரப் பரீட்சை எழுதாமலே விட்டவன் நான். வசனம் எங்கேயாவது நொண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் ஊர், கற்பிட்டிப் பாதையிலிருந்து களப்புப் பக்கம் திரும்பினால் வரும். பள்ளிவாசல், அதன் மதிலோடு ஒட்டிப் பள்ளிக்கூடம், அதற்கும் பின்னால் போட்டுகள் வந்து நிற்கிற துறை. ஊரில் யார் மவுத்தானாலும் பள்ளிவாசல் மைக்கில் அறிவிப்பார்கள். பாங்கு சொல்கிற மோதினார் காக்கா பொய்ப்பல் கட்டிய பிறகு மைக்கில் விசில் சத்தம்தான் வந்தது. யார் மவுத்து என்று தெரிந்துகொள்ள ஊரே பள்ளிவாசல் வாசலுக்கு வரவேண்டியிருந்தது. குர்ஆன் ஓதுகிற கிராஅத் போட்டியில் பரிசு வாங்கியவன் என்று என்னைப் பிடித்தார்கள். மற்றப் பையன்கள் கிரிக்கெட்டில் பேர் வாங்க, நான் மையத்து அறிவித்துப் பேர் வாங்கினேன்.

அறிவித்தலுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஸலாம். பிறகு, 'ஜனாஸா அறிவித்தல்'. அதற்குப் பிறகு ஒரு மூச்சு விடவேண்டும். பிறகு இன்னாரின் மகனும், இன்னாரின் கணவரும், இன்னாரின் மச்சானும் என்று சொந்தக்காரர் எல்லாரையும் வரிசையாகச் சொல்லி, ஆகக் கடைசியில்தான் மவுத்தானவரின் பெயரைச் சொல்லவேண்டும். அதுவரைக்கும் ஊர் அசையாது. மீன் வெட்டுகிற கத்தி பாதியில் நிற்கும். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். (பதினைந்து வயதில் ஓர் ஊரையே வாயடைக்க வைப்பது சின்ன விஷயமா?)

பிறகு ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு முந்திய இருட்டில், மீனுக்குப் போன வாப்பாவின் போட் கரைக்கு வந்தது. துறையில் போட் கட்டுகிற பழைய ஜெட்டி உடைந்து, கொங்கிரீட் தூண்கள் மட்டும் தண்ணீருக்குள் நிற்கின்றன. அவற்றைக் காட்டத்தான் கம்பத்தில் ஒரு பெரிய லைட். அது எரிந்தே பல மாதம். போட் தூணில் ஏறிப் புரண்டது. கூடப் போன என் மூத்தவன், நௌபர் நானா, நீந்திக் கரைக்கு வந்தான். வாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மோதினார் காக்கா மைக்கை எடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

"வேணாம் மகன். நான் செல்றன்" என்றார்.

"உங்கட சத்தம் விளங்காது காக்கா" என்றேன்.

ஒரு பிசகும் இல்லாமல் அறிவித்தேன். குரல் நடுங்கவில்லை. மையவாடியில் வைத்து ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்லாத் தெளிவா செஞ்ச" என்றார். நானும், "ஜஸாகல்லாஹ்" என்றேன். வாப்பாவை அடக்கிய இடத்தில் நின்றுகொண்டு உச்சரிப்புக்குப் பாராட்டு வாங்கிய பிள்ளை நான்.

அதற்குப் பிறகுதான் றிஸ்னா டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அக்குறணைப் பக்கத்து ஆள், குடியியல் பாடம். முதல் நாளே ஆளுக்கொரு கொப்பி தந்தார். தினமும் காலையில் பத்து நிமிஷம், மனதில் இருப்பதை எழுத வேண்டும்.

"நான் பிழை திருத்த மாட்டன். சிவப்புப் பேனை தொட மாட்டன். மனசுல என்ன ஈக்கோ அத எழுதுங்க" என்றார்.

எங்கள் வகுப்பின் மனதில் என்ன இருக்கும்? பாண், பருப்பு, அடுத்த வரிசைப் பெண் பிள்ளை. எல்லாரும் எழுதினார்கள். நான் எழுதியது: 'துறை லைட் இன்றும் எரியவில்லை.' அடுத்த நாளும் அதுதான். அதற்கு அடுத்த நாளும் அதுதான். கொப்பி பாதி நிறையும் வரை அந்த ஒரே வசனம்.

டீச்சர் கூப்பிட்டார். "அஸ்லம், வேற ஒண்டும் எழுத இல்லயா?"

"இல்ல டீச்சர். அது எரியல்ல."

அவர் நீலப் பேனையால் அடியில் ஒரு கேள்வி எழுதித் தந்தார்: 'எரியாவிட்டால் உனக்கென்ன?' நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கத்தில் எழுதினேன்: 'துறை லைட் இன்றும் எரியவில்லை.'

எனக்கென்ன என்று நன்றாகவே தெரியும். உடைந்த போட்டைச் சரிபண்ணி, அதே துறையிலிருந்து இப்போது நானா போய்க்கொண்டிருந்தான். உம்மா, புருஷன் மவுத்தானவர்கள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருந்தா. வீட்டை விட்டு வெளியே போக முடியாது, துறையில் போய் நின்று பார்க்க முடியாது. போட் சத்தம் வரும் வரை அறைக்குள் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருப்பா. இதையெல்லாம் கொப்பியில் எழுதினால் அழுகை வந்துவிடும். லைட்டைப் பற்றி எழுதினால் வராது. அவ்வளவுதான் என் இலக்கியம்.

தவணை முடிவில் டீச்சர் ஒரு நிகழ்ச்சி வைத்தார். கொப்பியில் எழுதியதில் எது தனக்கு மட்டும் உரியது, எது ஊருக்கும் உரியது என்று நாங்களே பிரித்துப் பார்க்க வேண்டும். ஊருக்குரியதைப் பிரதேச சபை மெம்பருக்கு முன்னால் பேச வேண்டும். மெம்பர், ஹம்ஸா ஹாஜியார். லைட்டுக்குப் பொறுப்பானவரும் அவர்தான். 'பார்ப்போம்' என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவரும் அவர்தான்.

"நீதான் முதல்ல பேசணும்" என்றார் டீச்சர். "உன்ட கொப்பியில வேற ஒண்டும் இல்லயே. அதான் நல்லது."

பள்ளிக்கூட மைக் பழுதாகி இருந்தது. பள்ளிவாசலின் கை மைக்கைக் கேட்டார்கள். அது கம்பியில்லாத மைக், மதிலுக்கு இந்தப் பக்கமும் வேலை செய்யும். சத்தம் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக் குழாய்களில் வரும். மண்டபத்தைப் பார்த்திருக்கிற ஒரு குழாயை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நிறுத்தி வைக்கிறேன் என்று மோதினார் காக்கா வாக்குக் கொடுத்தார். பிறகு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதிபர் மைக்கை நம்பாதவர். வரவேற்புரையைத் தன் சொந்தத் தொண்டையாலேயே செய்தார். அதனால் மைக்கில் போன முதல் சத்தம், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கிராஅத். நடுக்காலையில் பள்ளிவாசல் குழாயில் குர்ஆன் ஓதுகிற சத்தம் கேட்டால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்? அடுத்தது நான்.

மைக் கைக்கு வந்தது. அதன் கழுத்தில் சுற்றிய கறுப்பு டேப், அத்தர் வாசம், எல்லாம் அப்படியே. வாப்பாவுக்குப் பிறகு நான் அதைத் தொட்டிருக்கவில்லை. மற்றக் கையில் பேச்சு எழுதிய தாள். முதல் வரி: 'அஸ்ஸலாமு அலைக்கும். பெருமதிப்புக்குரிய பிரதேச சபை உறுப்பினர் அல்ஹாஜ் ஹம்ஸா அவர்களே.' வீட்டில் ஆட்டுக்குட்டிக்கு முன்னால் நின்று பாடமாக்கிய வரி.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்றேன்.

அதற்குப் பிறகு வாய் என்னுடையதாக இருக்கவில்லை.

"ஜனாஸா அறிவித்தல்."

ஒரு மூச்சு விட்டேன். பழக்கம். மண்டபம் அசையாமல் இருந்தது. நான் சொன்னது எனக்கே கேட்டது, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. அறிவித்தலைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. பேச்சில் லைட் இருந்தது நினைவு வந்தது.

"துறையில் லைட் எரியாத காரணத்தால்," என்று சொல்லி நிறுத்தினேன். அடுத்து ஒரு பெயர் வேண்டும். வாயில் வந்து நின்றது ஒரே ஒரு பெயர்தான், அதைச் சொல்ல முடியவில்லை. தாளைத் தேடினேன். எழுத்து ஆடியது. நெடுநேரம் கழித்து முதல் வரி கண்ணில் பட்டது.

"பிரதேச சபை உறுப்பினர் அல்ஹாஜ் ஹம்ஸா அவர்கள் வபாத்தானார்கள்."

மண்டபம் முழுவதும் ஒரே குரலில், மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்றது. ஹம்ஸா ஹாஜியாரும் சேர்ந்து சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத்தான் பக்கத்தில் இருந்த அதிபரிடம் திரும்பி, "யாரு?" என்று கேட்டார்.

"ஜனாஸா நல்லடக்கம் அஸர் தொழுகையின் பின்னர்" என்று நான் முடித்துவைத்தேன். வேலையை அரைகுறையாக விடுகிறவன் இல்லை நான்.

அதிபர் மைக்கைப் பறித்தார். டீச்சர் முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று இன்றைக்கும் தெரியாது. வெளியே கடைகளின் கதவு இழுத்து மூடுகிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அப்போதுதான் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது என்று விளங்கியது.

"இவனயும் கூட்டிக்கொண்டு போங்க ஹாஜியார்" என்று அதிபர் என்னை மெம்பரின் வேனுக்குள் தள்ளினார். "இவன் வாயாலயே ஊட்டாக்களுக்கு விளங்கப்படுத்தட்டும்."

வேனில் அவருடைய போன் அடித்தபடியே இருந்தது.

"நான்தான் மகன் கதைக்கிறன்" என்று கட்டாரில் இருந்த மருமகனிடம் சொன்னார். "ஓம், அப்பிடித்தான் செல்றாங்க. இல்ல, நான் இன்னம் ஊட்ட போகல்ல. போய்த்தான் பாக்கணும்."

போனை வைத்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்ன அடக்கிறது எத்தின மணிக்கிடா?"

"அஸருக்குப் பொறகு ஹாஜியார்."

"சொணங்காமத்தான் வெச்சீக்கிற."

அவர் வீட்டு வாசலில் லொறியிலிருந்து பிளாஸ்டிக் கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். வேன் கண்ணாடி கறுப்பு, உள்ளே யார் என்று யாருக்கும் தெரியாது. கதிரை இறக்கிய இரண்டு பேர் வேனில் சாய்ந்துகொண்டு கதைத்தார்கள்.

"நல்ல மனுசன். ஒருத்தருக்கும் கெடுதி செய்யல்ல."

"நல்லதும் செய்யல்லயே. அந்த லைட்டப் போடச் செல்லி எத்தின தரம் கேட்ட? கடைசியில பாரு, அவருக்கே வந்தீக்கி."

"மீன் புடிக்கிற ஆளா அவரு? துறைக்கி என்னத்துக்குப் போன?"

"லைட் எரியுதாண்டு பாக்கப் போயீப்பாரு."

ஹாஜியார் கண்ணாடியை மெதுவாக இறக்கினார். "நாளைக்கி போடுறன்" என்றார்.

கதிரையைப் பிடித்திருந்தவன் கதிரையோடு விழுந்தான். உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவருடைய மனைவி அவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. நான் வேனில் ஏறாமல் நடந்தே வந்தேன். பின்னால் மோதினார் காக்காவின் விசில் குரல், ஹாஜியார் மவுத்தாகவில்லை, ஹயாத்தோடு இருக்கிறார் என்று குழாயில் அறிவித்துக்கொண்டிருந்தது. வழியில் நின்றவர்கள் ஸலாமைக் கேட்டதுமே இன்னாலில்லாஹி சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைக் கேட்டார்கள்.

இதுவரை சிரித்தவர்கள் சிரித்ததுதான். வீட்டில் உம்மா இல்லை.

அடுத்த வீட்டு ராத்தா சொன்னா. குழாயில் என் குரல் கேட்டதும் உம்மா எழுந்து நின்றாவாம். 'ஜனாஸா அறிவித்தல்' என்றதும் சுவரைப் பிடித்தாவாம். 'துறையில் லைட் எரியாத காரணத்தால்' என்று நான் சொல்லிப் பெயர் தேடி நின்றேனே, அந்த இடைவெளியில் உம்மா தெருவில் இறங்கிவிட்டா. நானா அன்றைக்கு இன்னும் கரைக்கு வரவில்லை. பிறகு நான் சொன்ன பெயர் அவவின் காதில் ஏறவே இல்லை.

ஓடிப் போனேன். உம்மா இத்தா வெள்ளையோடு, காலில் செருப்பில்லாமல், துறையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தா. நான் சொன்ன எதையும் கேட்கவில்லை. நானாவின் போட் தூண்களைச் சுற்றி வந்து எஞ்சினை நிறுத்திய பிறகுதான் உட்கார்ந்தா, தண்ணீருக்குள்ளேயே.

"என்ன உம்மா இஞ்ச?" என்றான் நானா. அவனுக்கு ஒன்றும் தெரியாது. "யாரு மவுத்து?"

உம்மா என்னைப் பார்த்தா. அடிக்கவில்லை. "பேர மொதல்ல செல்லத் தெரியாதா மகன்?" என்று மட்டும் கேட்டா.

இத்தா முறிந்ததா, திரும்ப முதலிலிருந்து இருக்கவேண்டுமா என்று தெருப் பெண்கள் சில நாள் கதைத்தார்கள். மௌலவி, தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த நாள் ஏணியோடு ஆட்கள் வந்தார்கள். ஒருவன் ஏணியைப் பிடிக்க, மற்றவன் ஏறினான். வெற்றிலை மெல்லுகிற நேரத்தில் வேலை முடிந்தது. லைட் எரிந்தது. தூண்கள் எல்லாம் தெரிந்தன. தேவைப்பட்டது ஓர் ஏணியும் ஒரு பல்ப்பும்தான். ஊர்க்காரர்கள் என் முதுகில் தட்டினார்கள். நான் வாப்பாவின் போட் ஏறிய அந்தத் தூணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டீச்சர் அடுத்த காலையும் கொப்பி தந்தார். 'துறை லைட் நேற்று எரிந்தது' என்று எழுதினேன். பிறகு பழைய பக்கத்துக்குப் போய் அந்த நீலப் பேனைக் கேள்விக்குக் கீழே, 'எங்கள் வாப்பா' என்று எழுதினேன். அதற்கு மேல் பேனை போகவில்லை. அந்தத் தவணையோடு பள்ளிக்கூடமும் போகவில்லை.

இப்போது கற்பிட்டியில் ஒரு கருவாட்டு வாடியில் வேலை. எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் இப்போது அறிவித்தல் முறையை மாற்றிவிட்டார்கள். பெயர் முதலில், சொந்தக்காரர் பிறகு. ஹம்ஸா ஹாஜியார் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "இவன் மைக்கிக்கிட்ட போகாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிச் சிரிக்கிறார். நானா கரைக்கு வந்ததும் வாசலில் நின்று, "நௌபர், ஹயாத்து" என்று கத்திவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறான். எங்கள் வீட்டில் இதுதான் பகிடி.

நான் வாடியிலிருந்து போன் எடுத்து ஸலாம் சொன்னால் உம்மா பதில் சொல்லமாட்டா. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

"அஸ்லம் கதைக்கிறன் உம்மா. ஒண்டுமில்ல, சும்மாதான் எடுத்த."

அதற்குப் பிறகுதான், "வஅலைக்கும் ஸலாம்."