சாம்பார் குண்டாவில் போட்ட டீ

மைசூரில் நிம்மதியாக ஒரு வாய் டீ குடிக்க முடியாத ஒரே தெரு, விஜயநகரில் எங்கள் தெருதான். காரணம், வடிகட்டியார். அவருடைய நிஜப் பெயரை யாரும் கேட்டுக்கொண்டதில்லை. ஃபாக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற, தமிழ்நாட்டு எல்லையோரக் கோபிநத்தத்துக்காரர். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைப்பார்கள். இவர் டீ வடிகட்டி வைத்திருப்பார்.

யார் வீட்டுக்குப் போனாலும் நேரே சமையலறைதான். "ஏனுங் அம்மிணி, இந்த வடிகட்டில பாலும் வடிக்கறீங்களா? ஏடு ஒட்டியிருக்குதுங்க" என்பார். கோப்பை விளிம்பில் கீறல் இருந்தால் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். கோப்பை அவருடையதல்ல என்பது வேறு விஷயம். எதிர்வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த கோப்பை செட்டையே அப்படி இழந்தார். ஒருநாள் என் ஃபிளாஸ்க்கைத் திறந்து மோந்து பார்த்து, "எலி கிலி செத்துக் கெடக்குதா தம்பி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அதில் யார் குடிப்பது?

என் மகளைப் பெண் பார்க்கக் கொள்ளேகாலிலிருந்து வருகிறார்கள் என்றதும் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: "அந்த மனுஷன் மட்டும் இன்னிக்கு உள்ள வரக்கூடாது. ஸ்வல்ப பாத்துக்குங்க." ஏற்கெனவே ஓரிரு இடம் தட்டிப் போயிருந்தது. இந்தப் பையனை ஃபோட்டோவில் பார்த்தே மகளுக்கும் பிடித்திருந்தது. எப்படியாவது முடிய வேண்டுமே என்று நானே வாசலில் காவல் நின்றேன்.

நாலைந்து பேர் வருவார்கள் என்று பார்த்தால், வேனில் ஒரு கூட்டமே வந்து இறங்கியது. டீ பாத்திரம் போதவில்லை. மனைவி பதற்றத்தில் சாம்பார் குண்டாவைக் கழுவி அடுப்பில் ஏற்றிவிட்டாள். மகள் தட்டை நீட்ட, எல்லோரும் ஒரு வாய் குடித்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார்கள்.

நான் வாசலில் காவல் இருந்தது வீண். பின்பக்கமாக நுழைந்த வடிகட்டியார், சமையலறையிலிருந்து கூடத்துக்குப் பாய்ந்து வந்தார்.

"ஆரும் குடிக்காதீங்க! சாம்பார் குண்டாவுல டீ போட்டிருக்கறாங்க! பெருங்காயம் மணக்குது!"

தூக்கிய கோப்பைகள் அப்படியே நின்றன. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகளின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் தாம் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. "புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க... அது தங்கமுங்க..." என்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார்.

மாப்பிள்ளையின் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆருங்க இவரு? உங்களுக்கு என்ன முறை வேணும்?"

தெருவில் ஒரு கிறுக்கு என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கும்பிட்டபடி நின்ற அந்த மனிதரைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

"எங்க அண்ணனுங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நானும் வெளிய சொல்ல முடியாம முழிச்சுக்கிட்டிருந்தேன். உங்க அண்ணனையே நல்ல டீயா ஒண்ணு போடச் சொல்லுங்க. குடிச்சிட்டுப் பேசி முடிச்சிரலாம்."

கல்யாணம் முடிந்து மகள் கொள்ளேகாலுக்குப் போய்விட்டாள். வடிகட்டியார் மட்டும் தினமும் வந்து எங்கள் பாத்திரங்களைத் திட்டிவிட்டுப் போகிறார். என்ன செய்ய, சபையில் அண்ணன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் ஒருநாள் வராவிட்டால் எனக்கும் டீ தொண்டையில் இறங்குவதில்லை.