உறுமிய கித்தார்

ராயபுரத்தில் அந்த 2003ஆம் வருடம் கித்தார்களுக்குப் பேய் பிடித்தது. மனிதர்களுக்குப் பிடித்த பேயை ஓட்ட ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். கித்தார் பேய்க்குத்தான் ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் தேவப்பிரியம் பிரதர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வாசலில் கூட்டம் நெரியும். வீட்டில் வாசிக்க எந்தக் கித்தார், அதன் சத்தத்தைப் பெருக்க எந்த ஆம்ப் வாங்கலாம் என்று கேட்பார்கள். வாசித்துப் பார்த்துச் சொல்வது சாதாரண ஆட்களின் வேலை. பிரதர் கித்தாரின் கழுத்தை மோந்து பார்ப்பார், ஞானஸ்நானத் தேதியைக் கேட்பார், கடைசியில் தான் ஜெபித்து வைத்த எஃபெக்ட்ஸ் பெடல் ஒன்றை விற்று அனுப்புவார். காலால் மிதித்தால் கித்தாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டி அது. ஆனால் ஜெபித்த பொருளை எவன் மிதிப்பான்? வாங்கியவர்கள் எல்லோரும் மாதா படத்தருகே வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். மிதிக்காத பெட்டியைப் பற்றி எந்தப் புகாரும் வரவில்லை.

ஐரீன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். அதிகம் பேசமாட்டாள். போனஸ் வந்ததும் பர்மா பஜாரில் ஒரு பழைய எலக்ட்ரிக் கித்தாரும், அலமாரிக்குள் அடங்குகிற ஆம்ப் ஒன்றும் வாங்கினாள். ஒற்றை அறை வீட்டில் அதற்குமேல் வைக்க இடமும் இல்லை, அவளுக்கு ஆசையும் இல்லை. வயரைச் செருகியதும் ஆம்ப் 'உம்ம்ம்' என்று உறுமியது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா அருள்பிரகாசம், ஐம்பது டன் சரக்கைத் தூக்கும்போது பயப்படாதவர், இதற்கு வெலவெலத்துப் போனார். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிரதரை அழைத்துவந்தார். தெருவே பின்னால் வந்தது.

பிரதர் கண்ணை மூடிக் கேட்டார். கப்பலில் செத்த வெள்ளைக்காரனின் ஆவி உள்ளே இருப்பதாகவும், நாற்பது நாள் உபவாசம் இருந்த தன் கைக்கு மட்டுமே அது அடங்கும் என்றும் அறிவித்தார். பிறகு உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்தார். உறுமல் அடங்கியது. கையை எடுத்தார். மறுபடி 'உம்ம்ம்'. கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. கித்தாரைத் தானே எடுத்துப்போய்க் கடலில் விட்டுவிடுவதாகப் பெரிய மனதோடு சொன்னார். அவர் வீட்டுப் பின்னறையில் ஏன் இத்தனை கித்தார்கள் தொங்குகின்றன என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா கித்தாரைப் போட்டுக் கொடுக்க அதன் உறையைத் தேடினார். ஒரு வாரமாகக் கித்தாரை மடியில் வைத்திருந்தவள் ஐரீன். விரல் பட்டால் சத்தம் போவதும் எடுத்தால் வருவதும் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. இப்போது வாய் திறக்காவிட்டால் கித்தார் போய்விடும்.

வாசலில் பக்கத்து வீட்டு வரலட்சுமி நின்றிருந்தாள். காசிமேட்டிலிருந்து அப்போதுதான் மீன் கூடையை இறக்கியவள். கையில் செதில்கூடக் காயவில்லை.

"யக்கா, இப்டி வா," என்றாள் ஐரீன். "அந்தக் கம்பி மேல கைய வை."

"ஐய, கை கலீஜா கீதுமே."

"அதான் வேணும். வைக்கா."

வரலட்சுமி வைத்தாள். வெள்ளைக்காரன் கப்சிப்.

எடுத்தாள். உறுமினான். திரும்ப வைத்தாள். அடங்கினான். அவளுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது.

"இன்னா பிரதர், நான் கார்த்தால நாலு இட்லி துண்ணுட்டு வந்துகீறேன். எனக்கும் அடங்குதே?"

மீன் வாடை ஆவிக்கு ஆகாது என்று பிரதர் முனகினார். உடனே ஐரீன் அப்பாவின் கையைப் பிடித்துக் கம்பியில் வைத்தாள். அப்போதும் அடங்கியது. "யார் தொட்டாலும் நிக்கும்பா. இதோட வயரிங் அப்டி," என்றாள். அருள்பிரகாசம் தன் கையையே சற்று நேரம் பார்த்தார். பிறகு உறையை மடித்து அலமாரியில் வைத்தார்.

எதிர்வீட்டு மேத்யூ ஓடிப்போய், மாதா படத்தருகே இருந்த தன் பெடலைக் கொண்டுவந்து செருகினான். கண்ணை மூடிக்கொண்டு முதல் முறையாக மிதித்தான். சத்தத்தில் ஒன்றும் மாறவில்லை. திருப்புளியால் திறந்தான். உள்ளே வெறும் வயர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போனது. ஆடாமல் இருக்க ஒரு மெழுகுவத்தித் துண்டு. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் பிரதர் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

அவர் உங்கள் பேட்டைக்கும் வராமல் இருக்கமாட்டார். அடுத்து உங்கள் ஃபிரிட்ஜ்கூட உறுமலாம். பெட்டியை வாங்கி மாடத்தில் வைக்குமுன், கழுத்துக்கு மேலே இருப்பதை ஒரு முறை ஸ்விட்ச் போட்டுப் பாருங்கள். அதற்குப் பேட்டரிகூட வேண்டாம்.