மாதாவுக்குப் பின்னால ஒரு மஞ்ச லைட்டு

ஞாயித்துக்கிழமை எண்ணூர்ல இருந்து மாமியாரை கார்ல ஏத்திக்கினு ராயபுரம் கோயிலுக்கு வரணும். சகலை குழந்தைக்கு ஞானஸ்நானம். வேலை அவ்ளோதான்.

சகலை கிட்ட புது காரு, என்னுது பழசு. அத்தை வாயத் தொறந்தா பெரிய மாப்ள புராணம்தான். ஒரு நாளாவது நம்ம வண்டி ஜம்முனு போவட்டும்னு, சனிக்கிழமை ஏர் ஃபில்டரை நானே கழட்டினேன்.

மணலி ரோட்டு தூசி மொத்தமும் உள்ள இருந்துச்சு. தட்டி, ஊதி, திரும்ப மாட்டினேன். சாவியைத் திருப்புனா, மீட்டர்ல இன்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டு!

ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். போவல. பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினேன். கடிகாரம் போச்சு, லைட்டு அப்படியே நின்னுச்சு.

டோல்கேட் பஸ் ஸ்டாப்பாண்ட மெக்கானிக் கடை வெச்சிருக்கற தோஸ்துக்கு போன் போட்டு லைட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னா மாமு நோண்டின?"

"ஒண்ணியும் நோண்டல, சுத்தம்தான் பண்ணேன்."

"அதாம்பா கேக்கறேன், இன்னா நோண்டின? நாளைக்கு கடை லீவு. திங்கக்கிழமை எத்துகினு வா."

என் பொண்டாட்டி ஸ்டெல்லா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கினு இருந்தா.

"எங்கம்மா அந்த லைட்ட பாத்தாங்க, வண்டியில ஏறவே மாட்டாங்க. பெரிய மாப்ளயா இருந்தா இப்டி ஆவுமான்னு ஆரம்பிச்சிடுவாங்க."

வேளாங்கண்ணில வாங்கின மாதா ஸ்டிக்கர் ஒண்ணு அலமாரில இருந்துச்சு. மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டுக்கினு, அந்த லைட்டு மேலயே ஒட்டிட்டேன்.

காலையில அத்தை முன் சீட்ல ஏறினாங்க. கண்டெய்னர் லாரிங்க நடுவுல திருவொத்தியூர் வரைக்கும் வந்துட்டோம்.

"மாப்ள! இன்னா இது?"

செத்தேன்!

ஸ்டிக்கர் மெலிசு. மாதா தலையைச் சுத்தி மஞ்சளா வெளிச்சம். அத்தை சிலுவை போட்டுக்கினாங்க.

"மாதாவுக்கு தனியா லைட்டு வெச்சிகீறீங்களா! பெரிய மாப்ள அவ்ளோ பெரிய காரு வாங்கிகீறாரு, இந்த பக்தி அவருக்கு வந்துச்சா?"

பத்து வருஷமா நான் கேக்க ஆசப்பட்ட வார்த்தை! உண்மையைச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்.

"சும்மா... சின்ன லைட்டுதான் அத்த."

பின் சீட்ல ஸ்டெல்லா முந்தானையை வாயில வெச்சிக்கினு ஜன்னல் பக்கம் திரும்பிட்டா.

கோயில் வாசல்ல அத்தை சொந்தக்காரங்களை ஒவ்வொருத்தரா இட்டுக்கினு வந்து காட்டினாங்க. சகலை குனிஞ்சு பாத்துட்டு, "எந்தக் கடையில போட்ட சகல? எனக்கும் ஒண்ணு போட்டு குடேன்"ன்னாரு.

திங்கக்கிழமை டோல்கேட்டுக்குப் போனேன். ஃபில்டர் பொட்டி பக்கத்துல நான் மாட்ட மறந்த ஒரு வயர் சாக்கெட்டு தொங்கிக்கினு இருந்துச்சு. தோஸ்து சிரிச்சிக்கினே மாட்டி விட்டான். லைட்டு போச்சு. நிம்மதி!

அடுத்த ஞாயிறு பூசைக்கு என் வண்டிதான் வேணும்னு அத்தை சொல்லி அனுப்பினாங்க. ஏறி உக்காந்ததும் மூஞ்சி சுருங்கிடுச்சு.

"லைட்டு எங்க மாப்ள?"

"அது... ரிப்பேரு அத்த."

"மாதா லைட்டு ரிப்பேரானா உடனே பாக்க வேணாமா? பெரிய மாப்ளயா இருந்தா இப்டி வுட்டு வெச்சிருப்பாரா?"

இப்போல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில பானெட்டைத் தொறந்து, அந்த சாக்கெட்டை நானே கழட்டி விட்டுட்டுதான் எண்ணூருக்குக் கிளம்பறேன்.